முகத்துக்கும் முறுக்குக்கும் ஒரே லென்ஸ்

மணப்பாறை முறுக்கு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அச்சின் பற்கள் இழுத்துவிட்ட வரிகள் சுற்றுக்குச் சுற்று ஓடுகின்றன. வரிகளுக்கு நடுவே எள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓமம் பாதி புதைந்து பாதி தெரிகிறது. மாவுக்குள் இருந்த ஈரம் எண்ணெயின் சூட்டில் ஆவியாகித் திமிறிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். திருச்சி – திண்டுக்கல் ரயில் பாதையில் போகிறவர்கள் பல தலைமுறையாக வாங்கித் தின்ற இந்தப் பண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதைப் பற்றிப் படங்களோடு எழுத வருகிற ஒருவருக்கு இரண்டு படங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, அந்த எள்ளும் கொப்புளமும் தெரியும்படி முறுக்கின் அண்மைப் படம். மற்றொன்று, அடுப்பின் முன் உட்கார்ந்து முறுக்கு பிழியும் பெண்ணின் முகம். இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே மணி நேரத்தில் எடுக்க வேண்டியவை. கடையில் போய்க் கேட்டால், முறுக்குக்கு ஒரு மேக்ரோ லென்ஸும் முகத்துக்கு எஃப் 1.8 அல்லது 1.4 என்று பெரிய துளையுள்ள ஒரு போர்ட்ரைட் லென்ஸும் வேண்டும் என்பார்கள். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை விடுவது?

எதையும் விட வேண்டியதில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். சிறியதை எடுப்பதும் முகத்தை எடுப்பதும் லென்ஸிடம் கேட்பது ஒரே பொருளை: எடுக்கப்படுவதிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும் வசதி. அந்த வசதி குவியத் தூரத்திலிருந்து வருகிறது. துளையின் அகலத்துக்கு, அதாவது அபர்ச்சருக்கு, நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி முகத்துக்கும் உதவுவதில்லை, பூச்சிக்கும் உதவுவதில்லை. 60 முதல் 100 மில்லிமீட்டர் வரை குவியத் தூரமுள்ள, எஃப் 2.8 துளையுள்ள சாதாரண மேக்ரோ லென்ஸ் ஒன்று இரண்டு வேலையையும் முழுமையாகச் செய்யும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா என்பதால் கணக்கெல்லாம் அதற்கே. அந்தச் சென்சாரின் அளவு ஏறத்தாழ 23.5 மி.மீ.-க்கு 15.6 மி.மீ.; கேனானில் கொஞ்சம் சிறியது.

முதலில் பூச்சியும் எள்ளும். மேக்ரோ லென்ஸின் மேல் 1:1 என்று போட்டிருப்பதற்குப் பொருள், 10 மி.மீ. நீளமுள்ள ஒன்று சென்சாரின் மேலும் 10 மி.மீ. நீளத்துக்கு விழும் என்பது. 1:2 என்றால் 5 மி.மீ. நீளத்துக்கு விழும், பாதி உருவளவு. 1:1 வராத லென்ஸ் மேக்ரோவே ஆகாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் நம்மைச் சுற்றியுள்ளவற்றை அளந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. அங்கேயும், மணப்பாறையின் தரிசுகளில் எருக்கு முளைத்த இடத்திலெல்லாமும் பறப்பது வெந்தய வரியன். இறக்கையை விரித்தால் 7, 8 சென்டிமீட்டர். அது சட்டத்தை நிரப்ப 0.3 மடங்கு உருப்பெருக்கமே போதும். முறுக்கு முழுவதையும் எடுக்கவும் அதே அளவுதான். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு 1 செ.மீ. இருக்கும். பாதி உருவளவில் அது சென்சாரின் மேல் 5 மி.மீ.-ஆக விழுகிறது. 24 மெகாபிக்சல் சென்சாரில் நெடுக 6,000 புள்ளிகள் இருப்பதால் எறும்புக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 1,270. பத்திரிகை அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால், 1 செ.மீ. எறும்பு தாளில் கிட்டத்தட்ட 11 செ.மீ. நீளத்துக்கு வந்து நிற்கும். அதன் தாடையின் பற்களை எண்ணிவிடலாம். பாதி உருவளவு என்பது குறைபட்ட மேக்ரோ இல்லை. நாம் எடுக்கும் பத்துப் படங்களில் எட்டு ஒன்பது அதற்குள் அடங்கிவிடும்.

இன்னொரு காரணத்தாலும் பாதி உருவளவு நல்லது. படத்தில் தெளிவாக விழும் ஆழம், அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு தூரம் கூர்மையாக இருக்கும் என்பது, உருப்பெருக்கம் கூடக் கூடப் படுவேகமாகச் சுருங்கும். எஃப் 8-இல் வைத்து 1:1 அளவில் எடுத்தால் கிடைக்கும் ஆழம் 0.64 மி.மீ.; ஓர் எள்ளின் தடிமன்கூட முழுதாக அடங்காது. அதே எஃப் 8-இல் 1:2 அளவில் எடுத்தால் 1.9 மி.மீ., மூன்று மடங்கு. துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடும்தான். ஆனால் அங்கே ஒளியின் இயல்பு குறுக்கே நிற்கிறது. அண்மையில் குவிக்கும்போது லென்ஸ் சென்சாரை விட்டு விலகுவதால், 1:1-இல் எஃப் 16 என்று வைத்தது எஃப் 32 போல நடந்துகொள்ளும். வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். அவ்வளவு சிறிய துளை வழியே வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, ஒரு புள்ளியை 0.04 மி.மீ. அகல வட்டமாக விரித்துவிடும். நம் சென்சாரின் ஒரு பிக்சல் 0.0039 மி.மீ. ஒரு புள்ளி 11 பிக்சல் அகலத்துக்குப் பரவினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் மழுங்கிய படத்தையே தரும். ஜார்ஜ் ஏரி 1835-இல் கணக்கிட்டுச் சொன்ன எல்லை இது. எந்தக் கம்பெனியாலும் தாண்ட முடியாது. ஆகவே அண்மைப் படத்தில் புழங்கும் துளை எஃப் 5.6-க்கும் 11-க்கும் இடையில்தான். எஃப் 1.8-க்கு அங்கே வேலையே இல்லை.

இனி முகம். முகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் என்று பலரும் நம்புகிறார்கள். தீர்மானிப்பது தூரம். மூக்கு நுனியிலிருந்து காது வரை 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மூக்கிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால் காதுக்கு 52 செ.மீ.; மூக்கு தன் இயல்பான விகிதத்தைவிட 30 விழுக்காடு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அந்த மிகை 8 விழுக்காடாகவும், 2 மீட்டரில் 6 விழுக்காடாகவும் குறையும். 2018-இல் அமெரிக்காவில் முகச் சீரமைப்பு மருத்துவர் ஒருவரும் உடன் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒரு கணக்கு இதையே சொன்னது: 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம், 5 அடித் தூரத்தில் எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். செல்ஃபியைப் பார்த்து மூக்கைத் திருத்தக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவே அந்தக் கணக்கைப் போட்டார்கள். நாம் ஒருவரோடு மரியாதையாகப் பேசும்போது விட்டு நிற்கும் இடைவெளி ஒன்றரை முதல் மூன்று மீட்டர். அந்த இடைவெளியில் பார்த்த முகமே நமக்குப் பழகிய முகம்.

அந்த இடைவெளியில் நின்று தலையும் தோளும் நிறையும்படி எடுக்க எந்த லென்ஸ் வேண்டும்? கேமராவை நிமிர்த்திப் பிடித்து 70 செ.மீ. உயரத்தை அடக்க வேண்டும் என்று கணக்கிட்டால், 40 மி.மீ. லென்ஸோடு 1.2 மீட்டரில் நிற்க வேண்டும், 50 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றரை மீட்டர், 60-க்கு 1.85; 90-க்கு 2.8. மேக்ரோ லென்ஸ்கள் வழக்கமாக வரும் 60, 90, 100 என்ற அளவுகள் முகத்துக்குத் தேவைப்படும் தூரத்தோடு அப்படியே பொருந்துகின்றன. பூச்சி பறந்துவிடாமல் இருக்கக் கொடுக்கும் இடைவெளியும், முகம் கோணாமல் இருக்கக் கொடுக்கும் இடைவெளியும் ஒரே குவியத் தூரத்திலிருந்து கிடைக்கின்றன.

இதற்கு எதிராக வரும் முதல் கேள்வி பின்புலத்தைப் பற்றியது. முகத்துக்குப் பின்னால் எல்லாம் பஞ்சுபோல் கரைந்து நிற்க வேண்டும், அதற்கு எஃப் 1.8 வேண்டாமா? பின்புல மங்கலை எஃப் எண்ணை மட்டும் வைத்துப் பேசுவதால் வரும் குழப்பம் இது. வெகு தொலைவில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் என்பதற்கு எளிய விதி உண்டு. முகம் இருக்கும் தளத்தில் வைத்து அளந்தால், அந்த வட்டத்தின் விட்டம் லென்ஸின் துளையின் விட்டத்துக்குச் சமம். துளையின் விட்டம் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு 28 மி.மீ.; ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயம். 60 மி.மீ. எஃப் 2.8 மேக்ரோவுக்கு 21 மி.மீ.; ஒரு ரூபாய் நாணயம். 90 மி.மீ. எஃப் 2.8 மேக்ரோவுக்கு 32 மி.மீ.; பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது! கன்னத்துக்குப் பக்கத்தில் அந்த நாணயத்தை வைத்துப் பார்த்தால் தூரத்துத் தெருவிளக்கு எவ்வளவு பெரிதாக மலரும் என்று தெரிந்துவிடும். இந்த விதி தொலைவான பின்புலத்துக்கு. முகத்துக்கு இரண்டே மீட்டர் பின்னால் சுவர் இருந்தால் 50 மி.மீ. லென்ஸ் 90-ஐவிடக் கொஞ்சம் முந்தும், 16 மி.மீ.-க்கு 13.5 என்ற கணக்கில். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளைச் சுவரை விட்டு இன்னும் நான்கு எட்டு முன்னால் நகர்த்தி உட்கார வைத்தால் இதுவும் தீர்ந்துவிடும், காசு செலவில்லாமல்.

தெளிவின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். தலையும் தோளும் நிறையும் படத்தில் எஃப் 2.8 தருகிற ஆழம் 10 செ.மீ.; கண்ணில் குவித்தால் மூக்கும் கன்னமும் கூர்மையாக நின்று, காது மெல்ல மங்கும். எஃப் 1.8-இல் இது 6.6 செ.மீ. முகம் மட்டும் நிறையும்படி இன்னும் நெருக்கமாக எடுத்தால் எஃப் 2.8-இலேயே ஆழம் 2.7 செ.மீ.-ஆகச் சுருங்கிவிடுகிறது. எஃப் 1.4-இல் வெறும் 1.3 செ.மீ. ஒரு கண் தெளிவாக இருந்தால் மற்றக் கண் மங்கும். அப்படிப்பட்ட படத்தை எடுக்கிறவர், பெரிய துளைக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு அதை எஃப் 4-க்கும் 5.6-க்கும் சுருக்கித்தான் எடுக்கப் போகிறார்.

முகத்துக்குப் பெரிய துளை வேண்டும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாறு பதில் சொல்கிறது. 1839-இல் டாகேரின் படமெடுக்கும் முறை வெளியானபோது ஒரு தகட்டுக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் எந்த மனிதரும் அசையாமல் உட்கார முடியாது. 1840-இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் யோசஃப் பெட்ஸ்வால், முகத்தை எடுப்பதற்கென்றே கணக்கிட்டு ஒரு லென்ஸை வடிவமைத்தார். அதன் பெரிய துளைதான் உருவப்பட ஸ்டுடியோ என்ற தொழிலையே சாத்தியமாக்கியது. பெரிய துளை வந்தது ஆள் அசைவதற்குள் படம் முடிய வேண்டும் என்பதற்காக. பின்புல அழகு அதன் உபரி. அந்தப் புகழ்பெற்ற லென்ஸின் துளையும் ஏறத்தாழ எஃப் 3.6-தான். இன்று நாம் போதாது என்று ஒதுக்கும் எஃப் 2.8-ஐவிடச் சிறியது.

லென்ஸ் செய்கிறவர்களுக்கு இந்தப் பொருத்தம் நன்றாகவே தெரியும். டாம்ரான் கம்பெனி 1979-இல் 90 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. பாதி உருவளவு வரை குவியும். முகத்துக்கும் மேக்ரோவுக்கும் ஒன்றாகவே அது பெயர் வாங்கியது. அதன் வழித்தோன்றல்கள் 1:1 வரை குவியும் எஃப் 2.8 லென்ஸ்களாக இன்றும் விற்கின்றன. 2012-இல் ஃபுஜிஃபிலிம் 60 மி.மீ. எஃப் 2.4 மேக்ரோ கொண்டுவந்தது, பாதி உருவளவு. 2020-இல் கேனான் தன் புதிய கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களுக்காக 85 மி.மீ. எஃப் 2 லென்ஸ் ஒன்றை வெளியிட்டு அதற்கு மேக்ரோ என்று பெயரிட்டது. அதுவும் பாதி உருவளவுதான். 40 ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு கம்பெனிகளின் பொறியாளர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மேக்ரோ லென்ஸ் கூர்மை மிகுந்தது, முகத்தில் உள்ள சுருக்கத்தையும் துளையையும் காட்டிக்கொடுக்கும் என்பது அடிக்கடி கேட்கும் அடுத்த ஆட்சேபம். கணக்கு இதை ஏற்கவில்லை. தலையும் தோளும் நிறையும் படத்தில் உருப்பெருக்கம் 0.034. தோலில் 0.1 மி.மீ. அகலமுள்ள ஒரு நுண்துளை சென்சாரின் மேல் 0.0034 மி.மீ.-ஆக விழும். ஒரு பிக்சலைவிடச் சிறியது. எவ்வளவு கூர்மையான லென்ஸானாலும் ஒரு பிக்சலுக்குள் அடங்குவதைப் பிரித்துக் காட்டாது. சுருக்கங்களை உரக்கக் காட்டுவது வெளிச்சம். உச்சி வெயிலில், அல்லது பக்கவாட்டில் இருந்து வரும் ஒற்றை பல்பின் வெளிச்சத்தில், ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழல் விழுகிறது. அதே முகத்தைக் காலை நேரத்தில் வாசலை நோக்கித் திண்ணையில் உட்கார வைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழல்கள் நிரம்பி முகம் தணிந்துவிடும். பிறகும் மென்மை வேண்டுமென்றால் கணினியில் குறைத்துக்கொள்ளலாம். இல்லாத கூர்மையைக் கூட்டத்தான் வழியில்லை. முறுக்கு பிழிந்து பிழிந்து காய்த்த ஒரு கையின் ரேகைகளை மழுங்கடிக்க வேண்டிய காரணமும் இல்லை.

சில ஆட்சேபங்களை மறுக்க முடியாது. மேக்ரோ லென்ஸின் குவிப்பு வளையம் நீண்ட தூரம் ஓட வேண்டியிருப்பதால், தானியங்கிக் குவிப்பு ஒரு முறை தவறினால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்த் திரும்பும். உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இது பொருட்டில்லை. ஓடும் குழந்தைக்கும், மாட்டுச் சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு பாயும் காளைக்கும் இது ஏற்ற லென்ஸ் இல்லை. வெளிச்சத்திலும் உண்மையான இழப்பு உண்டு: எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.8-ஐப்போல் 2.4 மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கலான கல்யாண மண்டபத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுப்பதே தொழிலாக உள்ளவர் இந்த அத்தியாயத்தின் பேச்சைக் கேட்க வேண்டாம். அவருக்குப் பெரிய துளை வேண்டும். மற்றவர்களுக்கு, லென்ஸில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சாதாரண ஃப்ளாஷ் நல்ல துணை. முன்னால் வெள்ளைத் துணியோ தாளோ கட்டிய ஃப்ளாஷ் முசுறு எறும்புக்கும் உதவும். சுவரை நோக்கித் திருப்பினால் முகத்துக்கும் உதவும்.

இதைவிட மலிவான வழிகள் இல்லையா? உண்டு, அவற்றில் ஒன்றை மனதாரப் பரிந்துரைக்கலாம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் புதிதாகவே 10,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. நல்ல மேக்ரோ லென்ஸ் புதிதாக வாங்கினால் அதைப் போல் பல மடங்கு. தனியே விட்டால் அந்த 50 மி.மீ. ஐந்தில் ஒரு பங்கு உருவளவுக்கு மேல் போகாது. ஆனால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே கண்ணாடியே இல்லாத ஒரு வெற்றுக் குழாயை, எக்ஸ்டென்ஷன் ட்யூபை, மாட்டினால் லென்ஸ் முன்னால் தள்ளப்பட்டு அருகில் குவியும். குழாயின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் உருப்பெருக்கம் வந்துவிடும்: 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் என்றால் பாதி உருவளவு. குழாயில் மின்தொடர்பு முனைகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இக்கால லென்ஸ்களில் துளையைச் சுருக்க முடியாது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: குழாய் மாட்டியிருக்கும்போது தூரத்தில் குவியாது. முறுக்கிலிருந்து முகத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் லென்ஸைக் கழற்ற வேண்டும். மாவும் புகையும் பறக்கும் கூடத்தில், கோடைப் புழுதியில், சென்சாரை அப்படித் திறந்து காட்டிக்கொண்டே இருப்பது நல்லதில்லை. கையில் இருப்பது 10,000 ரூபாய்தான் என்றால் இதுவே சரியான வழி. தயங்க வேண்டியதில்லை.

கேமராவோடு வாங்கிய 55–250 போன்ற ஜூம் லென்ஸின் முனையில் திருகி மாட்டும் குளோஸ்-அப் லென்ஸும் நல்ல தந்திரமே. 4 டயாப்டர் கண்ணாடியை மாட்டி ஜூமை 100 மி.மீ.-இல் வைத்தால் 0.4 மடங்கு கிடைக்கும், அதுவும் 25 செ.மீ. தள்ளி நின்று. ஒற்றைக் கண்ணாடியால் ஆனது விளிம்பில் வண்ணக் கோடு போடும்; இரண்டு கண்ணாடி ஒட்டிச் செய்ததை வாங்க வேண்டும். 70–300 ஜூம்கள் சிலவற்றின் மேல் மேக்ரோ என்று எழுதியிருக்கும். அவை நீண்ட முனையில் பாதி உருவளவு வரை உண்மையிலேயே போகும், ஆனால் அந்த முனையில் முகம் எடுக்க எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி நின்று கத்திப் பேச வேண்டும். செல்போனின் மேக்ரோ பெரும்பாலும் அகலக் கோணக் கேமராவால் 2, 3 செ.மீ. தூரத்தில் எடுப்பது. அந்த நெருக்கத்தில் போனின் நிழலே பூச்சியின் மேல் விழும், பூச்சியும் இருக்காது.

இந்த இடைவெளி விஷயத்தில் விளம்பரத் தாளில் போட்டிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். மிகக் குறைந்த குவிப்புத் தூரம் என்று அவர்கள் போடுவது லென்ஸின் முனையிலிருந்து அளந்தது இல்லை, சென்சாரிலிருந்து அளந்தது. உங்கள் கேமராவின் தலைப்பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்ட சின்னக் குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான். அளவு தொடங்குவதும் அங்கேதான். அதிலிருந்து லென்ஸின் நீளத்தையும், டிஎஸ்எல்ஆர் கேமராவானால் அதன் வாய்க்கும் சென்சாருக்கும் இடையேயுள்ள நாலரை சென்டிமீட்டரையும் கழித்தால் மிஞ்சுவதே பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள காற்று. நிக்கானின் 40 மி.மீ. மேக்ரோ மலிவானது, கூர்மையானது. ஆனால் 1:1-இல் அதன் முனைக்கு முன்னால் மிஞ்சுவது மூன்றரை சென்டிமீட்டர் அளவுதான். முறுக்குக்குப் போதும், வெந்தய வரியனுக்குப் போதாது. கேனானின் 60 மி.மீ.-இல் 9 செ.மீ. போல மிஞ்சும். டாம்ரானின் பழைய 90 மி.மீ. குவிக்கும்போது மூக்கை நீட்டுவதால் அதிலும் 10 செ.மீ. அளவே. நீளாமல் உள்ளுக்குள்ளேயே குவியும் 100 மி.மீ. லென்ஸில் 14, 15 செ.மீ. கிடைக்கும். பாதி உருவளவோடு நிறுத்திக்கொண்டால் எல்லாவற்றிலும் இந்தக் காற்று கணிசமாகக் கூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

விலையைப் பற்றிய நல்ல செய்தி என்னவென்றால், தொழில்முறைக்காரர்கள் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கு மாறிக்கொண்டிருப்பதால் பழைய வகைக் கேமராக்களுக்கான மேக்ரோ லென்ஸ்கள் பழையதாக நிறைய விற்பனைக்கு வருகின்றன. இவற்றை அதிகம் ஓட்டியிருக்க மாட்டார்கள். பூச்சி எடுக்கும் ஆர்வத்தில் வாங்கி அலமாரியில் வைத்தவை பல. வாங்கும்போது இரண்டு சோதனைகள் கட்டாயம். நிக்கானின் தொடக்க வகைக் கேமராக்களில் குவிப்பு மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் தானாகக் குவியும். டாம்ரான் 90-இன் நிக்கான் வகையில் மோட்டார் இல்லாததும் உண்டு, பின்னால் மோட்டாரோடு வந்ததும் உண்டு. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எறும்பைக் கையாலேயே குவித்துக்கொள்ளலாம், கண் சிமிட்டும் முகத்துக்கு மோட்டார் வேண்டும். அடுத்தது பூஞ்சை. துளையை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் கிளைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் வாங்காதீர்கள். இரண்டு ஆற்றுக்கு நடுவில் உள்ள ஸ்ரீரங்கத்தின் ஈரக்காற்றில் இருந்து வந்த லென்ஸுக்கும், வறண்ட மணப்பாறையில் மழைக்காலத்தில் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸுக்கும் இந்த ஆபத்து ஒன்றுதான். வாங்கிய பிறகு, முறுக்கு நமுக்காமல் வைக்கும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் போதும். ஈரம் புகாத இடத்தில் முறுக்கும் நமுக்காது, பூஞ்சையும் வளராது.

60-ஆ, 90-ஆ என்ற கேள்வி மட்டும் பாக்கி. நம் வீடுகளில் ஓர் அறை பத்தடிக்குப் பத்தடி என்றால் மூன்று மீட்டர். 90 மி.மீ. லென்ஸோடு தலையும் தோளும் எடுக்க 2.8 மீட்டர் வேண்டும். ஆள் ஒரு சுவரோரம், நீங்கள் எதிர்ச் சுவரோரம். அடுப்படியிலும் சின்ன அறையிலும்தான் பெரும்பாலும் படம் எடுப்பீர்கள் என்றால் 60. திண்ணை, களம், தோப்பு, சந்தை, பூங்கா என்று வெளியில் திரிகிறவர் என்றால் 90 அல்லது 100. பின்புலமும் பூச்சிக்கு விடும் இடைவெளியும் அதில் கூடுதல். இரண்டும் கலந்தவருக்கு 90 என்பது இந்நூலின் தீர்ப்பு. அறைக்குள் முகத்தை மட்டும் நெருக்கி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 90-லும் ஒன்றரை மீட்டருக்குள்தான் வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். கேமராவோடு வந்த 18–55 லென்ஸை 55-இல் நிறுத்தி, அது நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, அந்த வாரம் முழுவதும் முகம், பூ, பலகாரம், எறும்பு எல்லாவற்றையும் அதிலேயே எடுங்கள். எத்தனை முறை இன்னும் கிட்டே போக முடியவில்லையே என்று நினைத்தீர்கள், எத்தனை முறை உங்கள் முதுகு சுவரில் இடித்தது என்று குறித்து வையுங்கள். முதுகு அடிக்கடி இடித்திருந்தால் 60 வாங்குங்கள்; இடிக்கவே இல்லையென்றால் 90.